வாடகைக்கு எடுத்த ஏரேட்டர் மெஷின்: சாட்ஸ்வொர்த் களிமண் லான்ல ஒரு சனிக்கிழமை

முதல்ல முடிவ சொல்லிடறேன், நேரம் இல்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம். தென்னாப்பிரிக்கா டர்பன்ல டூல் வாடகைக்கு விடற ஒரு கடையில அரை நாளைக்கு 550 ரேண்ட் குடுத்து பெட்ரோல் ஏரேட்டர் மெஷின் எடுத்தோம், மண்ண குட்டி குட்டி உருளையா வெட்டி வெளிய எடுத்துப் போடற வகை, எங்க லானுக்கு ரொம்ப நல்லா வேலை செஞ்சுது, அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அதுக்கு முந்தின வருஷம் ஆள் வச்சு முள்ளு ரோலர் ஓட்டினோமே, அதுக்கு அஞ்சுக்கு ஒண்ணு குடுக்கவே மனசு வரல. ரெண்டுமே "ஏரேஷன்"னு ஒரே பேர்லதான் விக்கிறாங்க, ரெண்டும் வேற வேற வேலை, இந்த வித்தியாசம் தெரியாம ஒரு வருஷம் எங்களுக்கு வீணாப் போச்சு, உங்களுக்குப் போக வேண்டாம்.

நான் வேலூர் பக்கம், கல்யாணம் ஆகி டர்பன் வந்து ஒம்பது வருஷம் ஆகுது. வீடு அங்க சாட்ஸ்வொர்த்ங்கற ஏரியாவுல. வீட்டுக்காரரோட ஆயாதான் (பாட்டி) வீட்டுக்குப் பெரியவங்க, 84 வயசு, டர்பன்லயே கேட்டோ மேனர்ல பொறந்தவங்க, இனத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல அங்கேருந்து எல்லாரையும் எழுப்பி அனுப்பினப்போ அறுபதுகள்ல சாட்ஸ்வொர்த் வந்த குடும்பம். அவங்க அப்பா காய்கறித் தோட்டம் போட்டு வார்விக்ல இருக்கற எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்கு கீரையும் மொளகாயும் கொண்டுபோனவரு. அதனால மண்ணப் பத்தி ஆயா ஒண்ணு சொன்னா நான் காது குடுத்துக் கேப்பேன்.

எங்க லான் சுமார் 120 சதுர மீட்டர். வெயில் படற இடமெல்லாம் கிக்குயு, மாமரத்து அடியில எல்.எம். புல்லு. (கிக்குயு கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியிலேருந்து வந்தது, அங்க இருக்கற கிக்குயு ஜனங்க பேர்தான் அதுக்கு. எல்.எம்.னா லொரென்சோ மார்க்கேஸ், இன்னிக்கு மபுட்டோன்னு சொல்றோமே அந்த ஊர். டர்பன்ல சிலபேரு இதையே பெரியா (Berea) புல்லுன்னும் சொல்வாங்க.) இந்த லான் வெறும் பார்வைக்கு வச்சது கிடையாது. ஆடி மாசம் அம்மனுக்கு கூழ் ஊத்தறப்போ சொந்தக்காரங்க எல்லாம் இங்கதான் நிப்பாங்க, புரட்டாசி சனிக்கிழமைல பந்தல் போட்டு வாழை இலை சாப்பாடு இங்கதான். ஆடி இங்க குளிர்காலம், மழையும் கிடையாது, புல்லு தூங்கிட்டு இருக்கற நேரம், அந்த நேரத்துல நூறு பேரு மிதிச்சா அதால திரும்ப எழுந்திரிக்க முடியாது. அதுக்கு மேல 2022 ஏப்ரல் வெள்ளம். அந்த மழையில எங்க பின்பக்கத்து மேட்டு மண்ணு சரிஞ்சு வந்துடுச்சு, அத வழிச்சு எடுக்க டி.எல்.பி. வண்டி (நம்ம ஊர் ஜே.சி.பி. மாதிரி மண்ணு அள்ளறது) லான் மேலேயே ஏறி நாலு நாள் போய் வந்துச்சு, ஈர மண்ணு மேல அவ்ளோ பெரிய வண்டி. அதுக்கப்புறம் ரெண்டு டயர் தடமும் ரோடு மாதிரி ஆயிடுச்சு, மழை பெஞ்சா சாயங்காலம் வரைக்கும் தண்ணி அப்படியே நிக்கும், காஞ்சா வெடிப்பு விடும், புல்லு மஞ்சளா மேலாக்கப் படர்ந்து கையால இழுத்தா பாய் மாதிரி கையோட வரும்.

நாங்க உரம்தான் பத்தலன்னு நெனச்சு 2:3:2 (தழை, மணி, சாம்பல் சத்து அந்த விகிதத்துல கலந்தது) வாங்கிப் போட்டுட்டே இருந்தோம். ஆயாதான் ஒரு நாள் கைத்தடியால அந்த தடத்த குத்திப் பாத்துட்டு, "கண்ணு, இது கல்லாயிடுச்சு, நீ மேல சோறு வச்சா உள்ள எப்படி எறங்கும்"னாங்க. அவங்க சொன்னது சரி. மண்ணுக்குள்ள பாதி இடம் வெறும் இடுக்குதான், அதுல கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் காத்து. வேருக்கும் பிராணவாயு வேணும், மேல மிதி விழுந்து அந்த இடுக்கு எல்லாம் நசுங்கிட்டா காத்தும் போகாது தண்ணியும் எறங்காது. நல்ல விஷயம் என்னன்னா ஆள் நடந்து நசுங்கறது பெரும்பாலும் மேல ரெண்டு மூணு இஞ்சுக்குள்ளதான், அத தளர்த்தி விட்டாப் போதும். டி.எல்.பி. மாதிரி வண்டின்னா இன்னும் ஆழமாப் போகும், அதனாலதான் எங்க தடம் மட்டும் அவ்ளோ பாடு படுத்துச்சு.

2023 செப்டம்பர்ல லான் வேலை பாக்கற ஒரு ஆள கூப்பிட்டோம். ஏரேஷன் பண்ணுவேன்னாரு, வந்தப்போ கொண்டு வந்தது ஒரு டிரம், சுத்தி ஆணி மாதிரி முள்ளு. அரை மணி நேரம் உருட்டிட்டு போயிட்டாரு. அன்னிக்குப் பாக்க நல்லாதான் இருந்துச்சு, ஓட்டை ஓட்டையா. ஆனா மண்ணு வெளிய எதுவும் வரலயே, அப்போ அந்த ஓட்டையில இருந்த மண்ணு எங்க போச்சு? பக்கத்துல இருக்கற மண்ணோட இன்னும் நெருக்கிக்கிட்டுதான் உக்காந்துருக்கு. மணல் தரைன்னா முள்ளு ஓரளவு பரவால்ல, ஏற்கனவே நசுங்கின களிமண்ணுல குத்தினா ஓட்டையோட சுவரு வழுவழுன்னு ஆயி இறுகிடுது. நாலு வாரத்துல ஓட்டை எல்லாம் மூடிடுச்சு, தண்ணி பழையபடி நின்னுச்சு. அந்த ஆள் ஏமாத்தினாருன்னு நான் சொல்ல மாட்டேன், அவருகிட்ட இருந்த கருவி அதுதான். ஆனா "மண்ணு வெளிய வருமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி நாங்க கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

நடுவுல ஆணி வச்ச செருப்பும் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கிப் பாத்தோம், காலுல கட்டிக்கிட்டு நடக்கறது. வாங்காதீங்க. வார் நழுவிக்கிட்டே இருக்கும், ஈர மண்ணுல ஆணி சிக்கி கணுக்கால் திரும்பிடும், பலனும் அதே முள்ளு ரோலர் பலன்தான். கையால குத்தற ரெண்டு குழாய் வச்ச கருவி ஒண்ணு இருக்கு, காலால மிதிச்சு இறக்கணும், அது மட்டும் நல்ல பொருள், உண்மையாவே மண்ண வெட்டி எடுக்குது. ஒரு மூலை, ரெண்டு சதுர மீட்டர்னா அது போதும். முழு லானுக்கும்னா முதுகு தாங்காது, களிமண்ணு குழாய்க்குள்ள அடைச்சுக்கும், நாலு குத்துக்கு ஒரு தடவ குச்சி விட்டு நோண்டணும்.

இப்ப மெஷினுக்கு வரேன். 2024ல புரட்டாசி முடியட்டும்னு காத்திருந்து அக்டோபர் 19 சனிக்கிழமை எடுத்தோம். ஆயா தேதி பாத்துக் குடுத்தாங்க, பந்தல் பிரிச்சாச்சு, தீபாவளிக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. புல்லு கணக்குலயும் அது சரியான நேரம். கிக்குயு, எல்.எம்., பஃபல்லோ, கைனோடான் இதெல்லாம் வெயில் காலத்துப் புல்லு, அது வேகமா வளர ஆரம்பிச்ச பிறகு வெட்டினாத்தான் காயம் சீக்கிரம் ஆறும். டர்பன்ல செப்டம்பர் கடைசியிலேருந்து நவம்பர் வரைக்கும் அந்த நேரம், கூடவே மழையும் ஆரம்பிச்சிடும்.

முந்தின நாள் சாயங்காலம் ஸ்ப்ரிங்க்ளர் ஒரு மணி நேரம் போட்டோம். இது ரொம்ப முக்கியம், மண்ணு காஞ்சிருந்தா மெஷின் மேலயே குதிச்சுக்கிட்டு போகும், சொதசொதன்னு இருந்தா குழாய் அடைச்சுக்கும், சகதிய இன்னும் நசுக்கிடும். நீளமான ஸ்க்ரூடிரைவர் எடுத்து குத்திப் பாருங்க, கொஞ்சம் அமுக்கினா இறங்கணும், வெளிய எடுத்தா சேறு ஒட்டக் கூடாது. புல்லையும் ரெண்டு நாள் முன்னாடி வழக்கத்த விட குட்டையா வெட்டிட்டோம். அப்புறம் ஸ்ப்ரிங்க்ளர் தலை இருக்கற இடம், தண்ணி பைப் போற பாதை, கேட் மோட்டருக்குப் போற கேபிள், எல்லாத்துக்கும் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டினோம். கேட் கேபிள் எங்க போகுதுன்னு எங்களுக்கே மறந்து போச்சு, ஆயாதான் மாமரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல கைய நீட்டி காமிச்சாங்க, அது இல்லன்னா அன்னிக்கு கேபிள் போயிருக்கும்.

காலைல ஏழரைக்கு கடை தொறந்த உடனே போனோம். மெஷின் நூறு கிலோவுக்கு மேல, கார்ல ஏறாது, பக்கி வேணும் (பிக்கப் வண்டிக்கு இங்க பக்கின்னுதான் பேரு, ஊர்லேருந்து புதுசா வரவங்க முழிப்பாங்க), பக்கத்து வீட்டு அண்ணன் அவரு பக்கிய குடுத்தாரு, ஏத்த ரெண்டு ஆளு. கவுன்டர்ல இருந்த பெரியவரு நல்ல மனுசன், எடுத்த எடுப்புல "மண்ணு ஈரமா, பைப் எல்லாம் அடையாளம் வச்சாச்சா?"ன்னு கேட்டாரு, திரும்பறப்போ குழாய மண்ணுலேருந்து தூக்கிட்டுதான் திருப்பணும், இல்லன்னா புல்லப் பிச்சு எறிஞ்சுடும்னு சொல்லி நடத்தியே காமிச்சாரு. அந்த அஞ்சு நிமிசத்துக்கே ஒரு மார்க் தனியா குடுக்கலாம்.

குறை என்னன்னா, வீட்டுக்கு வந்து பாத்தா டிரம்ல இருக்கற டைன்ல, அதான் அந்த வெட்டற குழாய்ல, நாலு முனை மழுங்கிப் போயி மத்ததவிட ஒரு விரக்கடை குட்டையா இருந்துச்சு. கிளட்ச் கம்பி லூசு, பிடிச்ச உடனே நிக்காது, ஒரு அடி போயிட்டுதான் நிக்கும், சுவத்து ஓரத்துல அது ஆபத்து. டேங்க்ல பெட்ரோல் பாதிதான். மேல எடை வைக்கிற கட்டை ரெண்டு இருக்கணும், குடுத்தது ஒண்ணு. இதெல்லாம் கடையிலயே பாத்திருந்தா மாத்திக் குடுத்திருப்பாங்க, நாங்க அவசரத்துல பாக்கல, ஆனா வாடகைக்கு விடற பொருள சரி பாத்து வைக்க வேண்டியது கடையோட வேலை. டெபாசிட் 1500 ரேண்ட் திரும்பி வர ஒம்பது நாள் ஆச்சு, அதுவும் ரெண்டு போன் போட்டப்புறம். அதனாலதான் அந்த ஒரு மார்க் குறைச்சேன்.

ஓட ஆரம்பிச்சதும் எனக்கு மனசே நெறஞ்சு போச்சு. நெடுக்க ஒரு ஓட்டு, குறுக்க ஒரு ஓட்டு. பின்னாடி மண்ணு உருளையா வந்து விழுந்துக்கிட்டே இருக்கு, சுண்டுவிரல் மொத்தத்துல, நல்ல இடத்துல மூணு இஞ்ச் நீளம். ஆயா வராண்டால நாற்காலி போட்டு உக்காந்து ஒண்ணொண்ணா கையில வாங்கிப் பாத்தாங்க. மாமரத்துப் பக்கம் வந்தது கருப்பா பொலபொலன்னு, டி.எல்.பி. தடத்துல வந்தது சாம்பல் நிறத்துல செங்கல் மாதிரி, அதுல வேரே இல்ல, மேல அரை இஞ்சுல மட்டும் கொஞ்சம் மயிரு மாதிரி. அத உடைச்சு மோந்து பாத்து, "இதுல உயிரு இல்லம்மா"ன்னாங்க. அந்தத் தடத்துல மொத ஓட்டுல ஒன்றரை இஞ்சுதான் இறங்குச்சு, அதனால அங்க மட்டும் மறுபடி ஹோஸ் பைப்ல தண்ணி விட்டு, ஒரு மணி நேரம் ஊறட்டும்னு விட்டுட்டு இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டினோம், அப்புறம் ரெண்டரை வந்துச்சு. மரத்து வேர் மேலாக்க இருக்கற இடத்துக்குப் போகவே இல்ல, அங்க அந்த கைக்கருவிதான். பதினொன்றரைக்கு வேலை முடிஞ்சுது, பன்னெண்டுக்கு மெஷின் கடையில.

எடுத்த மண்ண என்ன பண்றதுன்னு நெறைய பேரு கேப்பாங்க. நல்ல மண்ணுன்னா அப்படியே விட்டுடலாம், காஞ்சதும் ரேக்கால உடைச்சு விட்டா மழையில கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும், அதுல இருக்கற நுண்ணுயிருங்க புல்லுக்கு அடியில சேந்திருக்கற காஞ்ச நாரையும் மக்க வைக்கும், கிக்குயுல அந்த நாரு ரொம்ப சேரும், நடந்தா மெத்தை மாதிரி அமுங்குமே அது. நாங்க தடத்து களிமண்ண மட்டும் கூட்டி அள்ளிட்டோம், மத்தத விட்டுட்டோம். அப்புறம் மேல தூவறதுக்கு லான் டிரெஸ்ஸிங் (மக்கின உரம் கலந்த மண்ணு) 30 லிட்டர் மூட்டை இருவது, மொத்தம் 600 லிட்டர், 120 சதுர மீட்டருக்கு பரப்பினா அரை சென்டிமீட்டர் வரும், அதுக்கு மேல வேண்டாம், புல்லோட நுனி வெளிய தெரியணும். வெளக்குமாத்தால தள்ளி ஓட்டைக்குள்ள இறக்கினோம். எங்க வீட்டுல ஒருத்தரு கடற்கரை மணல் சும்மா கிடைக்குதே அத போடலாம்னாரு. உப்பு, அதும்மேல அங்கேருந்து அள்ளவும் கூடாது, நாங்க ஒத்துக்கல. பூச்சு வேலைக்கு வாங்கற நைஸ் மணலும் வேண்டாம், களிமண்ணோட சேந்தா இன்னும் இறுகும். மக்கின உரம் கலந்ததுதான் எங்க மண்ணுக்கு ஒத்து வந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு எல்.ஏ.என். (லைம்ஸ்டோன் அம்மோனியம் நைட்ரேட்) உரம் தூவினோம், அதுல தழைச்சத்து 28 சதம், ரொம்ப வீரியமான உரம், போட்ட கையோட தண்ணி விட்டே ஆகணும், இல்லன்னா புல்லு கருகிடும். ரெண்டு வாரம் யாரையும் நடக்க விடல, தீபாவளி அன்னிக்குக் கூட பசங்கள வெடி வெடிக்க டிரைவ்வேக்கு அனுப்பினோம்.

ஹாடீடா பறவைங்களப் பத்தி சொல்லியே ஆகணும். டர்பன்ல விடிகாலைல அது போடற சத்தம் தெரியாதவங்க யாரும் இல்ல. நீளமான வளைஞ்ச மூக்கால லான குத்திக் குத்தி புழு எடுக்குமே, அதுவும் ஒரு வகையில மண்ணத் தொளைக்கிற வேலைதான். டி.எல்.பி. வந்துபோன பிறகு ரெண்டு வருஷமா அதுங்க எங்க லானுக்கு வரல, மூக்கு இறங்காதுல்ல, பக்கத்து வீட்டோட போயிடும். நவம்பர் நடுவுல ஒரு காலைல அஞ்சாறு வந்து அந்தத் தடத்து மேலேயே நின்னு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஆயா என்ன கூப்பிட்டு காமிச்சாங்க, ரெண்டு பேரும் டீ ஆறிப் போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தோம்.

பலன் எப்படின்னா, மொத பெரிய மழைக்கே தெரிஞ்சுது, முன்ன சாயங்காலம் வரைக்கும் நின்ன தண்ணி அரை மணி நேரத்துல இறங்கிடுச்சு. டிசம்பர்ல பழைய ஓட்டை ஒண்ணு பக்கத்துல கரண்டி போட்டு தோண்டிப் பாத்தேன், ஓட்டைக்குள்ள வெள்ளை வேரு கீழ வரைக்கும் இறங்கியிருந்துச்சு, ஓட்டை இல்லாத இடத்துல அவ்ளோ இல்ல. ஜனவரி நடுவுல கிக்குயு ரெண்டு பக்கத்துலேருந்தும் கொடி விட்டு தடத்த மூடிடுச்சு. மாமரத்து அடியில எல்.எம். மெதுவாதான் வருது, அதுக்கு நிழல் பிடிக்கும், மிதி பிடிக்காது, அந்த எடத்துக்கு கல்லு பதிச்சு நடைபாதை போடறதுதான் வழின்னு எனக்குத் தோணுது. தடத்துல ஒரு எடம் இன்னும் கெட்டியாதான் இருக்கு, ஒரு தடவையில எல்லாம் சரி ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எங்கள மாதிரி களிமண்ணு, மிதி ஜாஸ்தின்னா வருஷா வருஷம் பண்ணணும். மணல் கலந்த மண்ணு, ஆள் நடமாட்டம் கம்மின்னா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ போதும்.

ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்), பிரிட்டோரியா பக்கம் இருக்கறவங்க உறைபனி போயி கிக்குயு நல்லா பச்சை ஆகற வரைக்கும் பொறுங்க. குளிர் காலத்துலயும் பச்சையா இருக்கற விதை போட்டு வளக்கற புல்லு வச்சிருந்தா அதுக்கு மார்ச், ஏப்ரல்தான் நேரம், அக்டோபர்ல வெட்டினா வர்ற வெயில் அத வாட்டிடும். புதுசா புல்லு பதிச்சு ஒரு வருஷம் ஆகலன்னா இப்போதைக்கு இந்த வேலையே வேண்டாம், வேர் பிடிக்கட்டும்.

செலவு கேட்டீங்கன்னா மெஷின் 550, பெட்ரோல் கொஞ்சம், பெரிய செலவு டிரெஸ்ஸிங் மூட்டைதான், மெஷின் வாடகைய விட அதுதான் ஜாஸ்தி ஆச்சு. கை டைட்னா இந்த வருஷம் மெஷின் மட்டும் ஓட்டிட்டு, கெட்டியான இடத்துக்கு மட்டும் நாலு மூட்டை வாங்குங்க. பக்கத்து வீட்டுக்காரங்களோட சேந்து எடுத்தா இன்னும் நல்லது, அரை நாள்ல ரெண்டு லான் தாராளமா முடியும், நாங்க இந்த வருஷம் பக்கி குடுத்த அண்ணனோட சேந்துதான் எடுக்கப் போறோம்.

அதே கடைக்குத்தான் போவோம், ஆனா ஏத்தறதுக்கு முன்னாடி டைன் எல்லாத்தையும் விரலால அளந்து பாத்து, கிளட்ச் பிடிச்சு பாத்து, எடைக்கட்டை ரெண்டும் இருக்கான்னு எண்ணி, டேங்க் மூடிய தொறந்து போட்டோ எடுத்துட்டுதான் கையெழுத்து போடறதா இருக்கோம். அக்டோபர் சனிக்கிழமை வேணும்னா செப்டம்பர்லயே போன் பண்ணி பேர் குடுத்துடுங்க, ஊர்ல எல்லா லானும் ஒரே நேரத்துலதான் முழிக்குது, இருக்கற மெஷினு ஒண்ணோ ரெண்டோ. இந்தத் தடவ புரட்டாசிப் பந்தல மாமரத்துக்கு அந்தப் பக்கம், சிமென்ட் தரையில போடச் சொல்லி ஆயா இப்பவே சொல்லிட்டாங்க.